பாட்டுக்குள் மாட்டிக்கொண்ட சத்தங்கள்

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. செமஸ்டர், இன்டர்னல், காஸ்ட் அக்கவுண்டிங் அசைன்மென்ட் என்று வழக்கமான காரணங்கள்தான். போன முறை ஜிஎஸ்டி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வகுப்பில் ஒருத்தன், "மச்சி, புக்கையே திருப்பி எழுதி வச்சிருக்க. ஏதாவது ஜாலியா எழுதேன்டா" என்றான். சரி, இந்த முறை பாட்டு. அதிலும், பாட்டுக்குள் தெரியாத்தனமாக மாட்டிக்கொண்ட சத்தங்கள்.

முதலில் ஒரு சின்ன சோதனை. 'தி போலீஸ்' என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'ரோக்ஸேன்' பாட்டை எடுங்கள். 1978-ல் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பத்தை மட்டும் கேளுங்கள். கிடார் தாளத்துக்கு நடுவில், பியானோ மேல் யாரோ கன்னாபின்னாவென்று கையை வைத்த மாதிரி ஒரு சத்தம். உடனே ஒரு சிரிப்பு. அப்புறம்தான் பாட்டு.

அது கை இல்லை. பாடகர் ஸ்டிங், ஸ்டூடியோவில் இருந்த பியானோவின் மூடி சாத்தியிருக்கிறது என்று நினைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். மூடி திறந்திருந்தது. ஆக, உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பாட்டின் ஆரம்பத்தில் பியானோ வாசித்தது ஒரு மனிதரின் பின்பக்கம் :-) அதை வெட்டிவிட்டு மறுபடி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சிரிப்போடு சேர்த்து அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஹாஸ்டல் ரூம்மேட் இதைக் காட்டிய நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பழைய இங்கிலீஷ் பாட்டுகளில் இப்படி என்னென்ன மாட்டியிருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட வந்துகொண்டே இருக்கிறது. அதில் சிலதை மட்டும் சொல்லிவிட்டு, கடைசியில் என் கருத்தையும், நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்கிறேன்.

கெட்ட வார்த்தையும் எஃப்.பி.ஐ-யும்

1963 ஏப்ரலில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்தில் 'தி கிங்ஸ்மென்' என்ற பசங்க குழு 'லூயி லூயி' என்ற பாட்டைப் பதிவு செய்தது. மொத்தச் செலவு சுமார் 50 டாலர். மைக் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பாடிய ஜாக் ஈலி தலையை மேலே தூக்கிக் கத்த வேண்டியிருந்தது. பல்லில் கம்பி வேறு கட்டியிருந்தார். விளைவு, ஒரு வார்த்தை புரியாது.

புரியாத பாட்டில் எதை வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம் இல்லையா? ஆபாசமான வரிகள் இருப்பதாக வதந்தி கிளம்பியது. பெற்றோர்கள் புகார் அனுப்பினார்கள். எஃப்.பி.ஐ நிஜமாகவே விசாரணை நடத்தியது. தட்டை வேறு வேறு வேகத்தில் சுற்றவிட்டுக் கேட்டார்கள். கடைசியில், எந்த வேகத்திலும் ஒன்றும் விளங்கவில்லை என்று ஃபைலை மூடினார்கள். உண்மையில் ரிச்சர்ட் பெர்ரி எழுதிய அந்தப் பாட்டு, காதலியைப் பார்க்க ஊர் திரும்பத் துடிக்கும் ஒரு கப்பல்காரனின் புலம்பல். பரம சாது.

காமெடி என்னவென்றால், அதில் நிஜமாகவே ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது. 55 விநாடி வாக்கில், டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன் பின்னாலிருந்து கத்துவது மெல்லிசாகக் கேட்கும். குச்சி தவறியதால் வந்த கத்தல் என்று சொல்வார்கள். எஃப்.பி.ஐ வரிகளைத் தேடியதே ஒழிய, சத்தத்தைத் தேடவில்லை. ஆடிட்டிங் பேப்பரில் சொல்லித் தருவார்களே, எதைச் சரிபார்க்கிறோம் என்று முதலில் முடிவு செய்யாவிட்டால் மோசடி மூக்குக்கு முன்னால் இருந்தாலும் தெரியாது என்று. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இதே வகையில் இன்னொன்று, பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' (1968). மூன்று நிமிடம் ஆவதற்குச் சில விநாடி முன்னால் கவனமாகக் கேட்டால், பின்னணியில் ஒரு குரல் கெட்ட வார்த்தை சொல்கிறது. பால் மெக்கார்ட்னியா ஜான் லென்னனா என்று இன்றும் சண்டை நடக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ரேடியோவில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு அது. அதே பாட்டைப் பற்றி மெக்கார்ட்னி சொன்ன இன்னொரு கதை: டிரம்ஸ் வாசிக்க வேண்டிய ரிங்கோ பாத்ரூம் போயிருப்பதைக் கவனிக்காமல் அவர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ரிங்கோ பூனை மாதிரி நடந்து போய், தன் இடம் வரும்போது சரியாக உட்கார்ந்து அடித்தார். வெளியே வந்தது அந்தப் பதிவுதான்.

பிடித்து வைத்துக்கொண்ட விபத்துகள்

சும்மா தப்பி வந்த சத்தம் ஒரு வகை. யாரோ ஒருவர் கேட்டு, "இரு இரு, இது நல்லா இருக்கே" என்று பிடித்து வைத்துக்கொண்டது இன்னொரு வகை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

1964-ல் பீட்டில்ஸின் 'ஐ ஃபீல் ஃபைன்'. லென்னன் கிடாரை ஆம்ப்ளிஃபையர் மேல் சாய்த்து வைத்தபோது 'ங்ங்' என்று ஒரு ஊளை வந்தது. கிடாரின் சத்தம் ஸ்பீக்கரில் வந்து, அந்தச் சத்தமே மறுபடி கிடாருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டே இருப்பதால் வரும் ஊளை அது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மைக் டெஸ்டிங்கின்போது காதைப் பொத்த வைக்குமே, அதன் பங்காளிதான். அவர்கள் காதைப் பொத்தவில்லை. பாட்டின் முதல் சத்தமாகவே வைத்துவிட்டார்கள்.

1968-ல் 'லாங், லாங், லாங்' என்ற பாட்டு. ஆர்கன் சத்தம் வரும் ஸ்பீக்கர் பெட்டி மேல் ஒரு ஒயின் பாட்டில் இருந்தது. ஒரு குறிப்பிட்ட கட்டையை அழுத்தும்போது பாட்டில் கடகடவென்று நடுங்கியது. பாட்டிலை நகர்த்தவில்லை. அந்த நடுக்கத்துக்குத் தனியாக மைக் வைத்து, ரிங்கோவின் டிரம்ஸையும் கூடச் சேர்த்தார்கள். பாட்டின் முடிவில் பேய் வந்த மாதிரி ஒரு அதிர்வு கேட்கும். பேய் இல்லை, பாட்டில்.

1969-ல் 'ஹர் மெஜஸ்டி'. 23 விநாடிப் பாட்டு. அதைத் தூக்கிவிடு என்று மெக்கார்ட்னி சொல்லிவிட்டார். ஆனால் பீட்டில்ஸ் பதிவு செய்த எதையும் எறியக் கூடாது என்று ஸ்டூடியோவில் கண்டிப்பான உத்தரவு. அங்கே வேலை பார்த்த ஜான் கர்லாண்டர் என்ற இளைஞர், வெட்டிய துண்டை டேப்பின் கடைசியில், கொஞ்சம் வெற்று டேப் விட்டு, ஒட்டி வைத்தார். அடுத்த கட்டத்தில் தட்டு வெட்டியவர் அதையும் சேர்த்தே வெட்டிவிட்டார். 'அபே ரோட்' ஆல்பம் முடிந்து, 14 விநாடி மௌனத்துக்குப் பிறகு திடீரென்று ஒரு அடி கேட்கும். அந்த அடி, அதற்கு முன்னால் இருந்த வேறு பாட்டின் கடைசி அடி. இந்தப் பாட்டின் சொந்தக் கடைசி ஸ்வரமோ காணோம். இரண்டு பக்கமும் தப்பாக வெட்டப்பட்ட துண்டு. மெக்கார்ட்னி கேட்டார், பிடித்துப்போய்விட்டது. அப்படியே விட்டார்கள். எறியக் கூடாது என்ற ஒரு ஆபீஸ் ரூல் காப்பாற்றிய பாட்டு அது. இந்த ரூலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லெட் ஸெப்பலின் இதில் கில்லாடிகள். 'ஹோல் லாட்டா லவ்' (1969) பாட்டின் கடைசிப் பகுதியில், ராபர்ட் பிளான்ட் பாடுவதற்கு முன்பே அதே வரி தூரத்தில் ஆவி மாதிரி கேட்கும். டேப்பில் இருந்த ஒரு பழைய பதிவு கசிந்து வந்தது அது. எவ்வளவோ குறைத்துப் பார்த்தும் போகவில்லை. ஒளிக்க முடியாததை அலங்கரித்துவிடுவோம் என்று, எடி கிரேமரும் ஜிம்மி பேஜும் அதன் மேல் எதிரொலியைக் கூட்டி வேண்டுமென்றே செய்தது போல ஆக்கிவிட்டார்கள். 'சின்ஸ் ஐ'வ் பீன் லவிங் யூ' (1970) பாட்டிலோ, டிரம்ஸ் பெடல் எண்ணெய் போடாத கதவு மாதிரி கிறீச் கிறீச் என்று ஏழு நிமிடமும் கூடவே வரும். ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் கேட்காமல் இருக்க முடியாது. முன்கூட்டியே எச்சரித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் விபத்து என்று நம்பிவிடவும் கூடாது. மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' (1982) பாட்டில், எடி வான் ஹேலனின் கிடார் தொடங்குவதற்குச் சற்று முன் டக் டக் என்று தட்டும் சத்தம் வரும். ரெக்கார்டிங் நடக்கிறது தெரியாமல் யாரோ கதவைத் தட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆனால் ஆல்பத்தின் உறையிலேயே, டிரம்ஸ் வைக்கும் பெட்டியைத் தட்டியவர் என்று ஜாக்சன் பெயரையே போட்டிருக்கிறார்கள். என்ட்ரி புத்தகத்திலேயே இருக்கிறது, நாம்தான் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஏன் விட்டார்கள்?

இரண்டு காரணம். ஒன்று, அன்றைய டேப். 1967-ல் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பமே நான்கு டிராக்கில்தான் பதிவானது. ஒரே டிராக்கில் பல வாத்தியங்கள் சேர்ந்து கிடக்கும். இருமலை எடுக்க வேண்டும் என்றால் கிடாரையும் எடுக்க வேண்டும். சாம்பாரில் கொட்டிய உப்பை மட்டும் எப்படித் திரும்ப எடுப்பது?

இரண்டாவது காரணம் செலவு. 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் ஒரே நாளில் 10 பாட்டு பதிவு செய்தார்கள். கடைசியில் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. லென்னனுக்கு ஜலதோஷம். நாள் முழுக்கப் பாடித் தொண்டை கிழிந்திருந்தது. முதல் டேக்தான் ஆல்பத்தில் இருக்கிறது. அதற்குமேல் கொடுக்கக் குரலே மிச்சமில்லை. அந்தக் கரகரப்பு ஸ்டைல் இல்லை, காய்ச்சல்காரத் தொண்டை.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். கணினியில் ஒவ்வொரு மூச்சையும் தனியாக வெட்டலாம். 1997-ல் வந்த ஆட்டோ டியூன் முதல், சுருதி விலகினால் இழுத்து நிறுத்தும் கருவிகள் எவ்வளவோ. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அந்தப் பாட்டுகளைத்தான் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வருகிறேன். ஆனால் செலவே இல்லாமல் சுத்தம் செய்ய முடிகிறபோது, "இதை ஏன் விட வேண்டும்?" என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. சுத்தம் செய்வது பழக்கமாகிவிடுகிறது.

என் கருத்து இதுதான்: இந்தச் சத்தங்கள் பாட்டின் வவுச்சர்கள்.

காமர்ஸ் படிக்காதவர்களுக்கு: கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவு எழுதியிருந்தால், அது நிஜமாக நடந்ததற்கு ஒரு சீட்டு இருக்க வேண்டும். அந்தச் சீட்டு கசங்கியிருக்கும், டீக்கறை இருக்கும், கையெழுத்து கோணலாக இருக்கும். பரவாயில்லை. கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் சீட்டு இல்லையென்றால் ஆடிட்டர் நம்ப மாட்டார். அதுபோல, அந்தக் கிறீச் சத்தம் ஒரு டிரம்மரின் கால் அங்கே நிஜமாக இருந்ததற்குச் சீட்டு.

'எ டே இன் தி லைஃப்' (1967) பாட்டின் முடிவைக் கேட்டால் நான் சொல்வது புரியும். பல பியானோக்களில் ஒரே நேரத்தில் ஒரு கார்டை ஓங்கி அடிக்கிறார்கள். அந்த ஒலி 40 விநாடிக்கும் மேல் தேய்ந்துகொண்டே போகிறது. அது தேயத் தேய, இன்ஜினியர் ஜெஃப் எமெரிக் ஒலி அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார். இசை சின்னதாகிறது, அறை பெரிதாகிறது. கடைசியில் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது, காகிதம் சரசரக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் இருக்க முயன்று தோற்ற மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த நாற்காலிச் சத்தம் வரும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் வெறும் துணுக்குச் செய்தியாக ரசிப்பதில் ஒரு தப்பு நடக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்' (1969) பாட்டில் மெர்ரி கிளேட்டன் என்ற பாடகியின் குரல் உச்சத்தில் உடைகிறது. அதைக் கேட்டு வியந்து பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுப்பதும் பதிவாகியிருக்கிறது. இணையத்தில் எல்லாரும் கொண்டாடும் இடம். அன்று நள்ளிரவில், தலையில் சுருள் மாட்டிய கோலத்தில், நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து பாடிவிட்டுப் போனவர் அவர். அதன் பிறகு அந்தக் கர்ப்பம் கலைந்துவிட்டது. இது தெரிந்த பிறகு அந்த உடைந்த குரலை "செம சீன்" என்று என்னால் சொல்ல முடியவில்லை. வவுச்சர் என்றால் அதில் யாரோ கொடுத்த விலையும் எழுதியிருக்கும்.

எதிர்க்கட்சி வாதம்

இதை எழுதும்போதே ரூம்மேட் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ எல்லாத் தப்பையும் விட்டுடணுமா? நாளைக்கு நீ எக்ஸாம்ல பேலன்ஸ் ஷீட் டேலி ஆகலேன்னா அது கலையா?" என்றான். நியாயமான கேள்வி. இல்லை, எல்லாத் தப்பும் நல்ல தப்பு இல்லை. பாட்டையே கேட்க விடாத இரைச்சலைக் காப்பாற்றி என்ன பயன்?

பீட்டில்ஸிடமே இதற்கு உதாரணம் இருக்கிறது. லென்னன் 1970-களில் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பாடி வைத்த ஒரு பாட்டு, 'நவ் அண்ட் தென்'. அவர் 1980-ல் கொல்லப்பட்டார். 1995-ல் மற்ற மூவரும் அதை முடிக்க முயன்றார்கள். டேப்பில் மின்சார இரைச்சல், குரலை அமுக்கும் பியானோ. கைவிட்டார்கள். பிறகு பீட்டர் ஜாக்சனின் குழு, 2021-ல் வந்த 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காக, கலந்துபோன ஒலிகளைக் கணினியைக் கொண்டு பிரிக்கும் முறையை உருவாக்கியது. அதை வைத்து லென்னனின் குரலைத் தனியாக எடுத்து, 2023-ல் பாட்டு வெளிவந்தது. இரைச்சலை நீக்கியிருக்காவிட்டால் அந்தக் குரல் நமக்கு இப்படிக் கிடைத்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, நீக்கலாமா கூடாதா என்பது கேள்வியே இல்லை. எது இரைச்சல் என்று யார் முடிவு செய்கிறார்கள், முடிவு செய்வதற்கு முன் கேட்டார்களா, முடிவு தப்பானால் திரும்பிப் போக வழி வைத்திருக்கிறார்களா, இவைதான் கேள்வி. பாட்டிலை மைக் வைத்துப் பதிவு செய்தவர்கள் முதலில் அதைக் கேட்டார்கள். லென்னன் குரலைப் பிரித்தவர்களிடம் பழைய கேசட்டின் பதிவு அப்படியே இருந்தது. நான் இந்த இரண்டையும் செய்யவில்லை.

நான் செய்தது

எங்கள் பெரியப்பா 1980-களில் மஸ்கட்டில் வேலை பார்த்தார். அப்போது வீட்டில் போன் கிடையாது. கடிதம் போய்ச் சேர நாளாகும். அதனால் கேசட்டில் பேசி, ஊருக்கு வந்து போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு பக்கம் தாத்தா பேசுவார். மறுபக்கத்தில் பெரியப்பா பதில் பேசி அனுப்புவார். அப்படி 1988-ல் போய்த் திரும்பி வந்த ஒரே ஒரு கேசட் எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது. தாத்தா குரல் இருப்பது அதில் மட்டும்தான்.

போன வருடம் தாத்தா திதிக்கு முன்னால், அதைக் கணினியில் ஏற்றி அப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். தெரிந்தவர் வீட்டிலிருந்து பழைய டேப்ரெக்கார்டர் வாங்கி வந்தேன். தாத்தா பக்கம் முழுதும் ஏறிவிட்டது. மறுபக்கம் ஓடும்போது ரீல் உள்ளே சிக்கிக்கொண்டது. இழுத்தேன், அறுந்தது. சரி, தாத்தா பக்கம்தான் ஏறிவிட்டதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பதிவில் 'ஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல். அதை நீக்க ஒரு இலவச மென்பொருள் இருந்தது. வேலை சுலபம். இரைச்சல் மட்டும் இருக்கும் ஒரு சின்னப் பகுதியைத் தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும். இதுதான் இரைச்சல் என்று அது கற்றுக்கொண்டு, மொத்தப் பதிவிலிருந்தும் அதைக் கழித்துவிடும். தாத்தா பேச ஆரம்பிப்பதற்கு முன் ஒரு 8 விநாடி இருந்தது. 'ஸ்ஸ்' சத்தமும், கூடவே கடகடவென்று ஏதோ ஓடும் சத்தமும். டேப்ரெக்கார்டர் மோட்டார் என்று நினைத்தேன். அந்த 8 விநாடியைக் காட்டினேன். பட்டனை அழுத்தினேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அந்த 8 விநாடியை வெட்டினேன். அதே பெயரில் சேமித்தேன்.

திதி அன்று சாப்பாடு முடிந்ததும் அப்பாவுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். தாத்தா குரல் வந்ததும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"அம்மா எங்கடா?"

"அப்பாயி இதுல பேசலப்பா."

"பேசல. மாவாட்டிக்கிட்டு இருப்பாங்க. ஆரம்பத்துலேர்ந்து ஆட்டுக்கல்லு சத்தம் வரும்டா."

எனக்குச் சாப்பிட்ட சாப்பாடு அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கடகட சத்தம் மோட்டார் இல்லை. குழவி சுற்றும் சத்தம். அப்பாயி எங்கேயும் பேசிப் பதிவு செய்ததே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அவர் இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரே ஒலி அது. நான் கணினியிடம், "இதுதான் இரைச்சல், இது எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எடுத்துவிடு" என்று அப்பாயியைக் கைகாட்டியிருக்கிறேன்.

அப்பா திட்டவில்லை. "சரி விடு, அவர் குரலாவது இருக்கே" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்தப் பதிவை நான் பலமுறை கேட்டுவிட்டேன். நடுவில் ஒரு இடம். தாத்தா பெரியப்பாவிடம் நிலத்து விஷயம் ஏதோ சொல்லிக்கொண்டு வருகிறார். திடீரென்று நிறுத்தி, மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி, "இந்தா, செத்த நிறுத்தேன். புள்ளைகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்ல" என்கிறார். ஒரு மூன்று விநாடி மௌனம். பிறகு மறுபடி பேச ஆரம்பிக்கிறார்.

என் சுத்தமான பதிவில், அவர் நிறுத்தச் சொல்வதற்கு அங்கே ஒரு சத்தமும் இல்லை.

கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் குறைந்தது 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். இதை நான் தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். வீட்டு கேசட்டின் ஒரிஜினலை 8 நாள்கூட வைத்திருக்கவில்லை.

ஆகவே மக்களே, இரண்டே வேண்டுகோள். ஒன்று, பீட்டில்ஸ் முதல் போலீஸ் வரை மேலே சொன்ன பாட்டுகளை நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். 'ஹே ஜூட்'டை மட்டும் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாதபோது கேட்பது நல்லது. இரண்டு, உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு கேசட் இருக்கலாம், பழைய கல்யாண வீடியோ இருக்கலாம், போனில் பாட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருக்கலாம். சுத்தம் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் வேறு பெயரில் சேமியுங்கள். அதற்கு முன்னால், வீட்டில் பெரியவர் யாரையாவது உட்காரவைத்து ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். நமக்கு இரைச்சலாகக் கேட்பது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.